ஆய்வு முடிவை மக்களிடம் எடுத்துச் செல்லல்: ஆய்வாளருக்குத் துணை நிற்பவர்களுக்கான வழிகாட்டி

ஓர் ஆய்வுக் கட்டுரையைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்க்கும் வேலை பெரும்பாலும் இருவர் சேர்ந்து செய்வது. ஒருவர் ஆய்வாளர். மற்றவர் பல்கலைக்கழகத்தின் செய்தித் தொடர்பு அலுவலராகவோ, இதழாசிரியராகவோ, எழுதிப் பழகிய சக பேராசிரியராகவோ இருக்கலாம். இந்த வழிகாட்டி அந்த இரண்டாமவருக்கானது. கடினமான நடையை எளிமையாக்கித் தருவதே தம் வேலை என்று அவர் எண்ணிக்கொள்வது இயல்பு. ஆனால் எளிமை இரண்டாவதாக வர வேண்டியது. ஆய்வின் முடிவு எதுவரை செல்லும், எங்கே நின்றுவிடும் என்ற எல்லையை ஆய்வாளரோடு சேர்ந்து முதலில் வரைந்துகொள்வதும், முடிவைச் சொல்லும் அதே வாக்கியத்துக்குள் அந்த எல்லையையும் கொண்டுவருவதுமே அவர் செய்யக்கூடிய பேருதவி.

மிகைப்படுத்தலுக்குச் செய்தியாளர்களைக் குறை சொல்வது கல்வித்துறையில் வேரூன்றிய வழக்கம். 2014இல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு அந்தக் குறையின் பெரும் பங்கு எங்கே தொடங்குகிறது என்பதைக் காட்டியது. பிரிட்டனின் 20 முன்னணிப் பல்கலைக்கழகங்கள் 2011இல் உடல்நலம், உயிரியல் தொடர்பாக வெளியிட்ட 462 செய்திக்குறிப்புகளை, அவற்றின் மூலக் கட்டுரைகளோடும் பின்னர் வந்த செய்திகளோடும் ஒப்பிட்டார்கள். 40 விழுக்காட்டுக் குறிப்புகளில் கட்டுரை தராத அளவுக்கு ஓங்கிய அறிவுரை இருந்தது. 33 விழுக்காட்டில் இரண்டு காரணிகளுக்கிடையே தொடர்புண்டு என்று மட்டும் சொல்லத்தக்கது, ஒன்றால்தான் மற்றொன்று நேர்கிறது என்று மாறியிருந்தது. 36 விழுக்காட்டில் விலங்குகளிடம் கண்டது மனிதருக்கும் பொருந்துவதாக நீட்டப்பட்டிருந்தது. குறிப்பு மிகைப்படுத்திய இடத்தில் செய்தியும் பெரும்பாலும் மிகைப்படுத்தியது. குறிப்பு அளவோடு நின்ற இடத்தில் செய்தியிலும் மிகை குறைவாகவே இருந்தது. மிகைப்படுத்திய குறிப்புகளுக்குக் கூடுதலாகச் செய்திகள் கிடைத்தன என்பதற்கான சான்றும் இல்லை. நம் மேசையிலிருந்து புறப்படும் வாசகத்தில் எல்லை இருந்தால் அது பயணம் செய்து வாசகரைச் சென்றடையும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

முதல் உரையாடல்

எழுதத் தொடங்குமுன் ஆய்வாளரோடு ஒரு மணி நேரமாவது அமர்ந்து பேசுங்கள். கட்டுரையின் சுருக்கத்தைப் படித்துக் காட்டச் சொல்லாமல், அதை மூடி வைத்துவிட்டுப் பேசச் சொல்லுங்கள். என்ன கண்டறிந்தீர்கள் என்பதற்கு முன் என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள்: எதை எதோடு ஒப்பிட்டீர்கள், எத்தனை பேரிடம் அல்லது எத்தனை மாதிரிகளில், எவ்வளவு காலம், எந்த இடத்தில். செய்ததைச் சொல்லும்போது ஆய்வாளர்களின் பேச்சு தானாகவே தெளிந்துவிடும். அப்போது அவர்கள் கட்டுரையின் மொழியை மறந்து, கைப்பட்ட வேலையை நினைத்துப் பேசுகிறார்கள். அடுத்து, இந்த முடிவை அறிந்தால் யார் எதை வேறு விதமாகச் செய்வார் என்று கேளுங்கள். யாரும் எதையும் மாற்ற வேண்டியதில்லை என்பதும் நேர்மையான விடைதான். விண்மீன்களின் பிறப்பையோ வழக்கொழிந்த எழுத்துமுறை ஒன்றையோ பற்றி அறிவது தன்னளவிலேயே மதிப்புடையது. இல்லாத பயனை அதற்குக் கட்டிவிடுவது ஆய்வையும் வாசகரையும் ஒருசேர இழிவுபடுத்துவதாகும்.

கடைசியாக, நாளைய செய்தியில் எந்தத் தலைப்பைக் கண்டால் உங்கள் தூக்கம் போய்விடும் என்று கேளுங்கள். மற்ற எந்தக் கேள்வியை விடவும் எல்லையை விரைவாக வெளிக்கொணர்வது இதுதான். ‘உங்கள் ஆய்வின் வரம்புகள் என்னென்ன’ என்று கேட்டால் கட்டுரையின் கடைசிப் பகுதியில் எழுதிய சம்பிரதாயமான பட்டியலே திரும்பி வரும். அஞ்சும் தலைப்பைக் கேட்டால், ஆய்வாளர் உண்மையிலேயே எதைச் சொல்லவில்லை என்பது தெரிந்துவிடும். அந்த விடையை ஒரு தாளில் எழுதி, வேலை முடியும்வரை கண்முன் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு முடிவை எடுத்து இதை நடத்திப் பார்ப்போம். 2017இல் நேச்சர் இதழில், தெருவிளக்குகள் மகரந்தச் சேர்க்கையை எப்படிப் பாதிக்கின்றன என்பது பற்றிய ஆய்வொன்று வெளியானது. சுவிட்சர்லாந்தில் செயற்கை வெளிச்சம் படாதிருந்த புல்வெளிகளில் விளக்குகளை நிறுவி, இரவில் பூக்களுக்கு வரும் பூச்சிகளை இருட்டாகவே விடப்பட்ட புல்வெளிகளோடு ஒப்பிட்டார்கள். வெளிச்சமிட்ட இடங்களில் இரவு வருகை 62 விழுக்காடு குறைந்தது. அங்கு ஆராய்ந்த ஒருவகை முட்செடியில், பகற்பொழுதில் ஏராளமான பூச்சிகள் வந்துபோயும், காய்ப்பு 13 விழுக்காடு குறைந்தது.

ஆய்வாளரின் முதல் வரைவு பெரும்பாலும் இப்படி இருக்கும்: ‘செயற்கை இரவொளி, இரவில் இயங்கும் மகரந்தச் சேர்க்கையாளர்களின் வருகை வீதத்தைக் குறைப்பதன் வாயிலாகத் தாவர இனப்பெருக்க வெற்றியில் எதிர்மறை விளைவை ஏற்படுத்துகிறது.’ அவசரத்தில் திருத்துபவர் இதை ‘தெருவிளக்கால் விளைச்சல் சரிகிறது’ என்று மாற்றிவிடுவார். முதலாவது யாருக்கும் புரியாது. இரண்டாவது எல்லோருக்கும் புரியும், ஆனால் ஆய்வு அதைச் சொல்லவில்லை. விளைச்சல் என்றதும் வாசகர் மனத்தில் வயல் வந்துவிடுகிறது. ஆராயப்பட்டதோ புல்வெளியில் தானாக வளரும் செடி.

இப்படி எழுதிப் பார்க்கலாம்: ‘இரவில் வராத பூச்சிகளின் வேலையைப் பகலில் வரும் பூச்சிகள் ஈடுசெய்துவிடும் என்று தோன்றலாம். ஆனால் சுவிட்சர்லாந்தின் இருண்ட புல்வெளிகளில் தெருவிளக்குகளை எரியவிட்டபோது இரவுப் பூச்சிகளின் வருகை பாதிக்கும் கீழே இறங்கியது. பகல் பூச்சிகள் தாராளமாக வந்தும், அங்கு ஆராய்ந்த ஒருவகை முட்செடியில் காய்ப்பு 13 விழுக்காடு குறைந்தது.’ இங்கே வாசகருக்கு இயல்பாக எழும் ஐயம் முதலில் வருகிறது. முடிவு அந்த ஐயத்துக்கு விடையாக வருகிறது. இடமும் செடியும் வாக்கியத்தின் உள்ளேயே இருப்பதால் எந்தச் செய்தியாளர் இதை வெட்டி எடுத்தாலும் எல்லை கூடவே செல்லும். ‘இந்த ஆய்வுக்குச் சில வரம்புகள் உண்டு’ என்று தனிப் பத்தியாகக் கீழே எழுதியிருந்தால் இடம் போதாதபோது முதலில் வெட்டப்படுவது அதுவாகத்தான் இருக்கும்.

சொல்லும் உவமையும்

கலைச்சொற்களுக்கு நீண்ட விதிகள் தேவையில்லை. கட்டுரை முழுவதும் திரும்பத் திரும்ப வேண்டியிருக்கும் கலைச்சொல்லை ஒருமுறை விளக்கிவிட்டு வைத்துக்கொள்ளலாம்; ஒரே இடத்தில் தலைகாட்டும் கலைச்சொல்லை நீக்கிவிட்டுப் பொருளை எழுதலாம். வாசகர் அறியாத சொல்லை விட, அறிந்ததாக நினைத்துக்கொள்ளும் சொல்லே அதிகம் கெடுக்கும். பரிசோதனை முடிவு ‘பாசிட்டிவ்’ என்று கேட்டுவிட்டு நல்ல செய்தி என்று மகிழ்ந்து திரும்புபவர்கள் உண்டு.

உவமைகளில் கூடுதல் கவனம் வேண்டும். நொதி எனப்படும் என்சைம், தான் வினைபுரியும் பொருளோடு பூட்டும் சாவியும்போலப் பொருந்துகிறது என்று எமில் ஃபிஷர் 1894இல் சொன்னது பாடப்புத்தகங்களில் இன்றும் நிலைத்திருக்கிறது. ஆனால் பொருள் வந்து சேரும்போது நொதியின் வடிவமே சற்று மாறி இசைந்துகொடுக்கிறது என்று டேனியல் கோஷ்லண்ட் 1958இல் முன்வைத்த விளக்கம், அந்த உவமை எங்கே உடைகிறது என்பதைக் காட்டியது. உவமை வேண்டாம் என்பதன்று இதன் பொருள். உவமையைத் தேர்ந்தெடுத்ததும், இது எந்த இடத்தில் பொய்யாகும் என்று ஆய்வாளரைக் கேளுங்கள். உடையும் இடம் உங்கள் மையக் கருத்திலேயே இருந்தால் அந்த உவமையைக் கைவிடுங்கள். ஓரத்தில் இருந்தால் அதை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டுத் தொடருங்கள்.

எண்கள்

எண்ணைத் தவறாகச் சொல்லாமலேயே அதைக் கொண்டு பெருந்தீங்கு செய்துவிட முடியும். 1995 அக்டோபரில் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு, மூன்றாம் தலைமுறைக் கருத்தடை மாத்திரைகளால் இரத்தக் குழாயில் இரத்தம் உறையும் ஆபத்து இரண்டு மடங்காகிறது என்று எச்சரித்தது. 7000 பெண்களில் ஒருவருக்கு நேர்ந்துவந்தது இருவருக்கு நேரும் என்பதே அதன் பொருள். ‘இரண்டு மடங்கு’ மட்டும் ஊரெங்கும் பரவியது. ‘7000இல்’ என்பது பின்தங்கிவிட்டது. அச்சமுற்ற பெண்கள் பலர் மாத்திரையை நிறுத்தினார்கள். அதைத் தொடர்ந்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நிகழ்ந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது. அவர்கள் தவிர்க்க நினைத்த இரத்த உறைவு ஆபத்து, அந்த மாத்திரையை விடக் கருவுற்ற நிலையிலேயே அதிகம் என்பது இதன் பெருந்துயரம்.

ஆகவே ‘மடங்கு’, ‘விழுக்காடு கூடுதல்’ என்று எதை எழுதினாலும் முன்பு எத்தனை பேர், இப்போது எத்தனை பேர், மொத்தம் எத்தனை பேரில் என்ற மூன்றும் உடன் இருக்க வேண்டும். ஒப்பிடும் இரண்டு எண்களுக்கும் கீழெண் ஒரே எண்ணாக இருக்கட்டும். 250இல் ஒருவர், 400இல் ஒருவர் என்று மாற்றி மாற்றி எழுதினால் எது பெரிது என்பதிலேயே வாசகர் தடுமாறுவார். 1000 பேரில் நால்வர், 1000 பேரில் இரண்டரைப் பேர் என்பது கேட்க விநோதமாக இருந்தால் 10,000 பேரில் 40, 25 என்று எழுதுங்கள்.

உறுதியின்மையைச் சொற்களால் மட்டும் சொல்வதும் போதாது. பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுகளுக்கிடையிலான குழுவின் அறிக்கைகளில் ‘மிகவும் சாத்தியம்’ என்றால் 90 விழுக்காட்டுக்குக் குறையாத வாய்ப்பு என்று வரையறுத்திருக்கிறார்கள். ஆனால் பொது வாசகர்கள் பலர் அதைக் கணிசமாகக் குறைத்தே புரிந்துகொள்கிறார்கள் என்றும், சொல்லோடு எண்ணையும் அங்கேயே சேர்த்துக் கொடுத்தால் புரிதல் நெருங்கி வருகிறது என்றும் பின்னர் செய்த ஆய்வுகள் காட்டின. வரையறையை முன்னுரையில் ஒருமுறை எழுதிவிட்டோம் என்று இருந்துவிடக் கூடாது. சொல் வரும் இடத்திலேயே எண் வர வேண்டும்.

கேட்பவர் ஏற்கெனவே அறிந்தது

மக்களுக்கு அறிவு குறைவு, அதை நிரப்பினால் போதும் என்ற எண்ணம் ஆய்வாளர்களிடம் ஆழமாக இருக்கிறது. அது எவ்வளவு தவறாகிவிடும் என்பதற்கு நான் அடிக்கடி எடுத்துக்காட்டுவது இங்கிலாந்தின் கம்ப்ரியா மலைப்பகுதி. 1986இல் செர்னோபில் விபத்துக்குப் பின் அங்கே மழையோடு கதிரியக்கச் சீசியம் இறங்கியது. ஆடுகளை விற்கவும் இறைச்சிக்கு அனுப்பவும் விதிக்கப்பட்ட தடை மூன்று வாரங்களில் விலகும் என்றார்கள். சீசியத்தைக் களிமண் இறுகப் பிடித்துக்கொள்ளும், அதனால் புல்லுக்கு அது கிட்டாது என்ற கணிப்பே அதற்கு அடிப்படை. அந்த மலைகளிலோ அமிலத் தன்மை மிகுந்த, மக்கிய தாவரங்களாலான மண். அதில் சீசியம் மண்ணிலிருந்து புல்லுக்கும் புல்லிலிருந்து ஆட்டுக்கும் சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசிக் கட்டுப்பாடுகள் நீங்கியது 2012இல்தான். அப்பகுதி ஆட்டுப்பண்ணையாளர்களிடம் பேசி ஆராய்ந்த சமூகவியலாளர் பிரையன் வின், தங்கள் மேய்ச்சல் நிலத்தையும் மந்தையின் நடத்தையையும் பற்றி அவர்களுக்கு இருந்த நுட்பமான அறிவை வல்லுநர்கள் கேட்டுப் பெறவே இல்லை என்று எழுதினார். அங்கே தவறவிட்டதும் ஓர் எல்லைதான்: ஒருவகை மண்ணில் உண்மையானது எல்லா மண்ணுக்கும் உரியதாகச் சொல்லப்பட்டது.

எனவே பேச்சுக்கோ எழுத்துக்கோ முன்னால், அந்த ஆய்வு தொடும் மக்களுள் சிலரிடம் சென்று, இந்தப் பொருளைப் பற்றி அவர்கள் என்ன அறிவார்கள், எதைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள் என்று ஆய்வாளரே நேரில் கேட்க ஏற்பாடு செய்யுங்கள். நீங்கள் கேட்டு வந்து சொல்வது அதற்கு ஈடாகாது. கேட்டு வரும் ஆய்வாளரின் வரைவு பெரும்பாலும் முதல் பத்தியிலிருந்தே மாறிவிடுகிறது.

யார் பேசுவது

இத்தாலியின் லாக்விலா நகரில் மாதக்கணக்கில் சிறு நில அதிர்வுகள் வந்துகொண்டிருந்த நிலையில், 2009 மார்ச் 31 அன்று வல்லுநர் குழு அங்கே கூடியது. நிலநடுக்கத்தை முன்கூட்டிச் சொல்ல இயலாது என்பதே நிலநடுக்கவியலின் நிலைப்பாடு. ஆனால் கூட்டத்துக்கு முன்பே குடிமைப் பாதுகாப்புத் துறையின் உயர் அலுவலர் ஒருவர் தொலைக்காட்சியில், சிறு அதிர்வுகளால் ஆற்றல் வெளியேறிவிடுவதால் நிலைமை சாதகமானது என்று அறிவியலாளர்கள் சொல்வதாகக் கூறினார். ஏப்ரல் 6 அதிகாலையில் வந்த நிலநடுக்கத்தில் 300க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2012இல் ஆறு அறிவியலாளர்களும் அந்த அலுவலரும் தண்டிக்கப்பட்டனர். 2014இல் மேல்முறையீட்டில் அறிவியலாளர்கள் விடுவிக்கப்பட்டனர்.

தீர்ப்புகளைப் பற்றிய விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். துணை நிற்பவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது நடைமுறை சார்ந்தது. ‘வருமா வராதா என்று சொல்ல முடியாது’ என்பதும் ‘ஆபத்து இல்லை’ என்பதும் முற்றிலும் வேறான கூற்றுகள். அச்சத்தைத் தணிக்க வேண்டும் என்ற நல்லெண்ணமே முதலாவதை இரண்டாவதாக மாற்றிவிடும். உயிரும் உடைமையும் சம்பந்தப்பட்ட பொருளில், கூட்டம் முடிந்ததும் யார் பேசுவார், எந்த வாக்கியங்களைச் சொல்வார் என்பதைக் கூட்டத்திலேயே எழுத்தில் முடிவு செய்யச் சொல்லுங்கள். தம் பெயரால் வேறொருவர் தவறாகப் பேசிவிட்டால், அன்றே பொதுவெளியில் திருத்த ஆய்வாளருக்கு வழி இருக்க வேண்டும்.

செய்தியாளர் அழைக்கும்போது

இதில் பெரும்பகுதி முன்தயாரிப்பே. நேரலையா பதிவா, எத்தனை நிமிடம், வேறு யார் பேசுகிறார்கள், எப்போது வெளியாகிறது என்பதை முதலில் கேட்டுவிடுங்கள். ஆய்வாளர் சொல்ல விரும்புவதை மூன்று வாக்கியங்களாக உரக்கச் சொல்லிப் பழகட்டும். தாளில் நன்றாக இருக்கும் வாக்கியம் வாயில் வராமல் போவது சாதாரணம். வெளியாகும் முன் முழுச் செய்தியையும் காட்டச் சொல்வதைப் பெரும்பாலான செய்தி நிறுவனங்கள் ஏற்பதில்லை. தம் மேற்கோளையும் எண்களையும் மட்டும் சரிபார்க்க விரும்புவதாகக் கேட்டால் பலர் இசைவார்கள். பெயர் போடாமல் சொல்ல வேண்டியது ஏதேனும் இருந்தால் அதற்கான ஒப்புதலைச் சொல்வதற்கு முன்னால் பெற வேண்டும். சொன்ன பின் கேட்பது செல்லாது. தம் துறைக்கு வெளியே கேள்வி போனால், அது என் ஆய்வில் இல்லை, இன்ன துறையினர் சொல்லக்கூடும் என்று தயங்காமல் சொல்லட்டும்.

வெளியீட்டுக் காலமும் முக்கியம். நியூ இங்கிலாந்து மருத்துவ இதழின் ஆசிரியர் ஃபிரான்ஸ் இங்கெல்ஃபிங்கர் 1969இல் வகுத்த நெறியைப் பின்பற்றி, வேறெங்கும் முன்னரே வெளியான முடிவுகளைப் பல இதழ்கள் ஏற்பதில்லை. குறிப்பிட்ட நாள், நேரம் வரை செய்தி வெளியிடத் தடையும் விதிக்கின்றன. இதழின் விதியைப் படிக்காமல் செய்திக்குறிப்பை அனுப்பிவிடாதீர்கள். சக ஆய்வாளர் மதிப்பீடு முடியாத முன்வெளியீட்டுக் கட்டுரையைப் பற்றிப் பேசினால் அந்த உண்மையை முதல் பத்தியிலேயே சொல்லுங்கள்.

வெளியிடுவதற்கு முன்னும் பின்னும்

முடிந்த வரைவைத் துறைக்கு வெளியே உள்ள இருவரிடம் கொடுங்கள். ‘புரிகிறதா’ என்று கேட்காதீர்கள். மரியாதைக்காக எல்லோரும் புரிகிறது என்பார்கள். தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு, படித்ததை வேறொருவருக்குச் சொல்வதாக நினைத்து உங்களிடம் சொல்லச் சொல்லுங்கள். அவர்கள் சொல்வதில் எல்லை விடுபட்டிருந்தால் குறை வரைவில்தான் இருக்கிறது. தொடக்கத்தில் எழுதி வைத்த, ஆய்வாளர் அஞ்சிய தலைப்பு அவர்கள் வாயிலிருந்து வந்தால் அந்த வாக்கியத்தை முதலிலிருந்து எழுத வேண்டியதுதான். வரைபடங்களையும் இதே முறையில் சோதிக்கலாம்: அச்சு சுழியத்திலிருந்து தொடங்குகிறதா, இல்லையென்றால் அதற்குக் காரணம் உண்டா, சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவருக்கும் கோடுகள் விளங்குமா என்பவற்றைப் பார்த்தால் போதும்.

வெளியான முதல் சில நாள்களில் வரும் கேள்விகளுக்கு ஆய்வாளர் விடையளிக்க நேரம் ஒதுக்குமாறு முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். வெளியாகும் நாளில் அவர் பயணத்தில் இருந்தால் தேதியை மாற்ற முடியுமா என்று பாருங்கள். தவறான செய்தி வந்தால் எந்த வாக்கியம் தவறு, சரியான வாக்கியம் எது என்ற இரண்டை மட்டும் எழுதி ஆசிரியருக்கு அனுப்புங்கள். நீண்ட முறையீடுகளை விட இதற்கே திருத்தம் விரைவாகக் கிடைக்கும். உங்கள் குறிப்பிலேயே தவறு இருந்தால் பழையதை ஓசையின்றி மாற்றிவிடாமல், எது எந்தத் தேதியில் திருத்தப்பட்டது என்று அதிலேயே எழுதுங்கள். ஆய்வாளர் கடுமையான வசைக்கும் மிரட்டலுக்கும் உள்ளானால் அவரைத் தனியே சமாளிக்க விடாதீர்கள். அந்த மடல்களை ஆய்வாளருக்குப் பதிலாகப் படித்துத் தரம்பிரிக்கவும், தேவையானவற்றை நிறுவனத்தின் சட்டப் பிரிவுக்கு அனுப்பவும் ஒருவரை வெளியீட்டுக்கு முன்பே அமர்த்தி வைத்திருங்கள்.